போன் கட்டணம் ஏறாமல் இருக்க எந்த வழி தேவலை?

ஊரில் அம்மா வைத்திருப்பது பட்டன் போன். பேசுவதற்கும், சிலிண்டர் பதிவு செய்வதற்கும், வங்கியிலிருந்து வரும் ஓடிபிக்கும்தான் அது. ஆனாலும் பல வருடங்களாக அவருக்கு நான் போட்டு வந்த ரீசார்ஜில் டேட்டாவும் சேர்ந்தே வந்தது. ஒரு எம்பி கூடச் செலவாகாமல் நள்ளிரவில் காலாவதியாகும். விடிந்தால் புதிதாக வந்து நிற்கும். வெறும் பேச்சுக்கு மட்டும் ஏதாவது பேக் இருக்கிறதா என்று கேட்டால் கடைக்காரர், "அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்பார்.

2024 டிசம்பர் 23 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி கொண்டுவந்தது. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட பேக் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்தாக வேண்டும். ஆலோசனைக் கட்டத்திலேயே நிறுவனங்கள் இதை எதிர்த்திருந்தன. விதி வந்ததும் பேக்குகளும் வந்தன. 84 நாளுக்கு 450 ரூபாய், அதற்கு முன்னே பின்னே. எதற்குச் சண்டை போட்டோம் என்று தோன்றும் விலை. ஆனால் யாரும் விதியை மீறவில்லை. பேக் இருக்க வேண்டும் என்று சொன்ன விதி, என்ன விலைக்கு என்று சொல்லவில்லை.

இன்றைய நிலைமை இதுதான்: தனியார் மூன்று, அரசு நிறுவனம் ஒன்று. 2024 ஜூன் 27 அன்று ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாள் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் அறிவித்தன. ஜூலை முதல் வாரத்தில் எல்லாம் அமலுக்கு வந்தாகிவிட்டது. 11 முதல் 25 சதவீதம் வரை உயர்வு. மூவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. தெருவில் மூன்றே டீக்கடை. ஒன்றில் டீ 15 ரூபாய் ஆகிவிட்டால் மற்ற இரண்டும் எத்தனை நாளைக்கு 12 ரூபாய்க்கு ஆற்றிக்கொண்டிருக்கும்?

அரசும் டிராயும் இனி என்ன செய்யலாம் என்று யோசித்தால், பேச்சில் அடிபடும் வழிகள் ஐந்தாறு. ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு நாடு ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறது. எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை வேண்டும் என்று கேட்பது யார், இதை நிறுத்தச் சொல்லி கோர்ட்டுக்குப் போவது யார்?

லாபி எல்லாமே கெடுதலா?

பெரிய கம்பெனிகளுக்காக டெல்லியில் பேசித்தந்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்கள் 2010-இல் வெளியானபோது, தனக்குச் சாதகமாக விதி வர அரசை நெருக்குவதைக் குறிக்கும் 'லாபி' என்ற சொல் நம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. அலைக்கற்றை விவகாரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்ததால் அதில் இன்றும் கறை உண்டு. ஆனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

நாட்டின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று. கொல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். அப்போதெல்லாம் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும். வரும் அழைப்புக்கும் காசு. வட்டம் என்று பிரித்திருந்த ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டே தனியார் கம்பெனிகள். ஏலத்தில் கண்மண் தெரியாமல் உரிமக் கட்டணம் கேட்டுவிட்டு, கட்ட முடியாமல் முழித்தவர்கள் பலர். டெல்லியில் தட்டாத கதவில்லை. 1999-இல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, கட்டியே ஆக வேண்டிய உரிமத் தொகைக்குப் பதிலாக வருமானத்தில் பங்கு என்று மாறியது. கம்பெனிகளுக்குச் சலுகை என்று அப்போது திட்டியவர்கள் உண்டு. கட்டணம் இறங்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்தது 2002 டிசம்பர். ரிலையன்ஸ் இன்ஃபோகாம், ஊருக்குள் மட்டும் நடமாடலாம் என்ற குறைந்த விலை உரிமத்தை வைத்துக்கொண்டு ஏறக்குறைய முழு செல்போன் சேவையையே நடத்த ஆரம்பித்தது. அதிக விலை கொடுத்து உரிமம் வாங்கியிருந்தவர்கள் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் என்று அலைந்தார்கள். 2003 நவம்பரில் ஒருங்கிணைந்த உரிமம் என்று ஒன்றைக் கொண்டுவந்து அரசு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிட்டது. சட்டம் பேசினால் பழைய கம்பெனிகள் பக்கம் நியாயம் இருந்தது. பர்ஸைத் திறந்து பார்த்தால், இன்கமிங் இலவசமானதும் பேச்சுக் கட்டணம் தடாலென்று விழுந்ததும் அதே 2003-இல்தான்.

கேட்பவர் உள்ளே வரத் துடிப்பவரா, ஏற்கெனவே உள்ளே சாய்ந்து உட்கார்ந்திருப்பவரா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வந்து உட்கார்ந்த பிறகு அதே ஆள் பேச்சை மாற்றுவார் என்பது மீதிப் பாதி.

ரிங் எத்தனை நொடி அடிக்க வேண்டும்?

இதற்கு 2019-இல் நடந்த ரிங் சண்டையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் பேசினால், பேசுகிறவரின் கம்பெனி கேட்கிறவரின் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டும். இணைப்புப் பயன்பாட்டுக் கட்டணம் என்று பெயர். 2009-இல் 20 பைசா, 2015-இல் 14, 2017 அக்டோபரிலிருந்து 6 பைசா. வரும் அழைப்பு அதிகமுள்ளவருக்கு இது வருமானம். போகும் அழைப்பு அதிகமுள்ளவருக்குச் செலவு.

ஜியோவில் பேச்சு இலவசம். அதனால் அங்கிருந்து வெளியே போகும் அழைப்புதான் அதிகம். இந்தக் கட்டணமே கூடாது என்றது ஜியோ. கொடுக்கிற 6 பைசா போதவே போதாது என்றார்கள் மற்றவர்கள். நடுவில் நம் நாட்டுக் கலையான மிஸ்டு கால். பழைய நெட்வொர்க்கில் இருப்பவர் ஒரு ரிங் விட்டுத் துண்டிப்பார். ஜியோக்காரர் திருப்பிக் கூப்பிடுவார். 6 பைசா கைமாறும். தினமும் 25 கோடிக்கு மேல் மிஸ்டு கால் வருவதாக ஜியோ கணக்குச் சொன்னது.

அப்புறம் ஜியோ தன்னிடமிருந்து போகும் அழைப்புகளின் ரிங் நேரத்தை 20 நொடியாகக் குறைத்தது. எடுப்பதற்குள் அறுந்துபோனால் அந்தப் பக்கத்துக்காரர் திருப்பிக் கூப்பிடுவார் அல்லவா? இப்போது காசு எதிர்த்திசையில் ஓடும். இது ஏமாற்று வேலை என்று புகார் சொன்ன மற்றவர்கள், சொல்லிவிட்டுத் தாங்களும் 25 நொடிக்கு இறங்கினார்கள். பாட்டி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் போன் அடங்கிவிடும். கடைசியில் டிராய் உட்கார்ந்து, செல்போன் 30 நொடி அடிக்க வேண்டும், தரைவழி போன் 60 நொடி அடிக்க வேண்டும் என்று ஆணை போட வேண்டியதாயிற்று. 2021 ஜனவரி 1 முதல் அந்தக் கட்டணமே பூஜ்யமானது. சண்டையும் அதோடு சரி.

வாடிக்கையாளர் கண்ணில் படாத இந்த இடத்தில்தான் சண்டை எப்போதும் கடுமை. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது மற்ற நெட்வொர்க்குகளோடு பேச அதற்குப் போதிய இணைப்பு முனைகள் கொடுக்காமல் இழுத்தடித்தார்கள் என்று சொல்லி, மூன்று பழைய கம்பெனிகளுக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதத்தை டிராய் பரிந்துரைத்தது. கடை வாசலில் விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளுக்கு வருவோம்.

தரை விலை: இதற்குக் கீழே யாரும் விற்கக்கூடாது

இதைக் கேட்பது கம்பெனிகள். 2019 கடைசியில் டிராய் இதற்கென்றே ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. மூவரும் எதிரும் புதிருமாகக் கத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒரே குரலில் பேசிய விஷயம் இது. அந்த ஒற்றுமையே எனக்குப் போதுமான எச்சரிக்கை. நல்ல வேளையாக டிராய் எதையும் நிர்ணயிக்கவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை என்று அவர்களே ஏற்றிக்கொண்டார்கள்.

இலங்கை இந்த வழியில் போனது. 2009-இல் ஐந்தாவது ஆளாக ஏர்டெல் அங்கே நுழைந்ததும் விலைப்போர் மூண்டது. பெரிய நிறுவனமான டயலாக்கே நஷ்டக் கணக்குக் காட்டியது. 2010-இல் ஒழுங்குமுறை ஆணைக்குழு தலையிட்டு நிமிடத்துக்கு இதற்குக் கீழே போகக்கூடாது என்று தரை விலை வைத்தது. சந்தையில் ஐந்து பேரும் பிழைத்திருக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். பிழைத்தார்களா? 2018-இல் எடிசலாட் ஹட்ச்சோடு சேர்ந்தது. 2024-இல் ஏர்டெல் லங்கா டயலாக்குக்குள் போனது. ஐந்து மூன்றாகிவிட்டது. தரை விலை யாரையும் காப்பாற்றவில்லை. விலைப்போரை மட்டும் நிறுத்தி வைத்தது. இந்த வழியை இங்கேயே தள்ளிவிடலாம்.

உச்ச விலை: இதற்கு மேலே யாரும் வாங்கக்கூடாது

கேட்கக் காதுக்கு இனிமை. ஐரோப்பிய ஒன்றியம் ரோமிங்கில் இதைச் செய்து ஜெயித்தது. விவியன் ரெடிங் ஆணையராக இருந்த 2007-இல் வேறு நாட்டிலிருந்து பேச நிமிடத்துக்கு 49 சென்ட், அழைப்பை ஏற்க 24 சென்ட் என்று உச்ச வரம்பு வந்தது. கம்பெனிகள் பிரஸ்ஸல்ஸில் முட்டி மோதின. இங்கே குறைத்தால் உள்நாட்டுக் கட்டணத்தை ஏற்ற வேண்டி வரும் என்று பயம் காட்டின. வரம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, 2017 ஜூன் 15 அன்று ரோமிங் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் ஒழிந்தது. பத்து வருடம் பிடித்தது.

அங்கே பலித்ததற்குக் காரணம், ரோமிங் ஒரே ஒரு பொருள். எல்லை தாண்டிய ஆளுக்கு வேறு வழி கிடையாது, அளவிடவும் சுலபம். நம் ரீசார்ஜ் பேக்குகளோ ஆண்டுக்கு நாலு முறை பெயர் மாற்றும். 28 நாள், 56 நாள், 84 நாள் என்று உடையும். ஓடிடி சேரும், கழியும். இதில் எதற்கு உச்ச விலை வைப்பது? பேச்சு மட்டும் பேக் கட்டாயம் என்ற விதிக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோமே.

பெரிய ஆளை மட்டும் கட்டிப்போடுவது

மெக்சிகோ கதை கொஞ்சம் நீளம், ஆனால் இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை.

1990-இல் அரசு டெலிபோன் நிறுவனமான டெல்மெக்ஸைக் கார்லோஸ் ஸ்லிம் தலைமையிலான குழு வாங்கியது. இருபது வருடத்தில் தரைவழி இணைப்புகளில் சுமார் 80 சதவீதமும், டெல்செல் மூலம் செல்போனில் சுமார் 70 சதவீதமும் அவர் கையில். ஃபோர்ப்ஸ் பட்டியலில் உலகின் முதல் பணக்காரர். ஒழுங்குமுறை ஆணையம் இருந்தது, ஆணைகளும் போட்டது. ஆனால் அங்கே 'அம்பாரோ' என்ற தடையாணை முறை உண்டு. கோர்ட்டுக்குப் போனால் ஆணை அப்படியே உறைந்து நிற்கும். வழக்கு முடிய வருடக்கணக்கு. அதுவரை பழைய கட்டணம். ஆணையத்தின் அதிகாரம் காகிதத்தில் இருந்தது. நேரம் கம்பெனியின் கையில் இருந்தது.

2012-இல் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓஇசிடி ஒரு கணக்குப் போட்டது. போட்டி இல்லாததால் 2005 முதல் 2009 வரை மெக்சிகோ மக்களுக்கு ஏற்பட்ட இழப்பு 12,920 கோடி டாலர். ஆண்டுக்கு நாட்டு உற்பத்தியில் 1.8 சதவீதம். அடுத்த வருடமே அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். புதிய ஆணையம் வந்தது. அதன் முடிவுகளை எதிர்த்து வழக்குப் போடலாம், ஆனால் வழக்கு முடியும்வரை முடிவை நிறுத்தி வைக்க முடியாது என்றானது. இந்த ஒரு வரிதான் முழுச் சீர்திருத்தத்தின் உயிர் என்பேன்.

2014 மார்ச்சில் ஸ்லிம் குழுமம் ஆதிக்கம் மிக்கது என்று அறிவிக்கப்பட்டது. போட்டிக் கம்பெனியிலிருந்து வரும் அழைப்புக்கு அது காசு வாங்கக்கூடாது. அதன் அழைப்பை ஏற்க மற்றவர்கள் வாங்கலாம். 2015 ஜனவரி 1 முதல் உள்நாட்டுத் தொலைதூரக் கட்டணம் என்பதே கிடையாது. அதே வருடம் ஏடி&டி இரண்டு சின்ன கம்பெனிகளை வாங்கி உள்ளே வந்தது. கட்டணம் நன்றாகவே விழுந்தது.

அதற்கப்புறம்? 2017-இல் உச்ச நீதிமன்றம், பூஜ்யக் கட்டணத்தை நாடாளுமன்றம் நிர்ணயித்தது செல்லாது, அது ஆணையத்தின் வேலை என்று தீர்ப்பளித்தது. டெல்செல் இன்றும் சந்தையில் பாதிக்கு மேல். 2024 கடைசியில் வேறொரு அரசியல் சட்டத் திருத்தம் அந்த ஆணையத்தையே கலைக்க வழி செய்தது. விலை இறங்கிய அளவுக்குச் சந்தைப் பங்கு இறங்கவில்லை. ஆனாலும் வாடிக்கையாளருக்கு வேண்டியது விலைதானே?

புது ஆளைக் கொண்டுவருவது

இதில் பிரான்சும் இஸ்ரேலும் வெற்றிக் கதைகள். பிரான்சில் மூன்றே கம்பெனிகள். சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டதற்காக 2005-இல் 53.4 கோடி யூரோ அபராதம் கட்டியவர்கள். 2009 கடைசியில் நான்காவது உரிமம், மற்றவர்கள் கொடுத்ததில் பாதிக்கும் குறைவான விலைக்கு, சேவியர் நீலின் ஃப்ரீ நிறுவனத்துக்குப் போனது. கூடவே, சொந்த டவர் போதுமான அளவு வளரும்வரை ஆரஞ்சு நிறுவனத்தின் நெட்வொர்க்கில் சவாரி செய்ய ஒப்பந்தம். 2012 ஜனவரி 10 அன்று மாதம் 19.99 யூரோவுக்கு வரம்பில்லாப் பேச்சு என்று ஃப்ரீ அறிவித்தது. 2 யூரோவுக்கு ஒரு மணிநேரப் பேச்சு என்று இன்னொரு திட்டமும் வைத்தது. மற்ற மூவரும் சில வாரங்களில் விலையைக் குறைத்தார்கள். அதே வருடம் மே மாதம் இஸ்ரேலில் கோலான் டெலிகாமும் ஹாட் மொபைலும் நுழைந்து கட்டணத்தைத் தரைமட்டமாக்கின. அதைச் செய்த அமைச்சர் மோஷே கஹ்லோன் அந்தப் புகழிலேயே தனிக்கட்சி தொடங்கி 2015 தேர்தலில் 10 இடம் பிடித்தார். போன் கட்டணத்தைக் குறைத்தால் ஓட்டு விழும் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

கனடா இதே முயற்சியில் தடுக்கி விழுந்த நாடு. ரோஜர்ஸ், பெல், டெலஸ் என்று மூவர். 2008 அலைக்கற்றை ஏலத்தில் புதியவர்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். விண்ட், மொபிலிசிட்டி, பப்ளிக் மொபைல் என்று மூன்று பேர் வந்தார்கள். விண்டில் வெளிநாட்டுப் பணம் அதிகம், அது கனடா கம்பெனியே அல்ல என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்ல, அமைச்சரவை அதை ரத்து செய்து உள்ளே விட வேண்டியிருந்தது. 2013 கோடையில் அமெரிக்காவின் வெரைசன் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும் மூன்று பெரியவர்களும் ஒன்று சேர்ந்து நாடெங்கும் விளம்பரம் செய்தார்கள்: அந்நியப் பெருநிறுவனத்துக்கு மட்டும் சலுகையா, இது நியாயமா என்று. அரசே பதில் விளம்பரம் கொடுத்தது. வீட்டில் டிவி பார்க்கிறவருக்கு இரண்டு பக்கச் செலவும் தன் பாக்கெட்டிலிருந்துதான் என்பது தெரிந்திருக்குமா தெரியவில்லை. செப்டம்பரில் வெரைசன் ஒதுங்கிக்கொண்டது. விளம்பரத்துக்குப் பயந்து என்று சொல்ல முடியாது. அதே நாட்களில் தன் செல்போன் பிரிவில் வோடபோன் வைத்திருந்த பங்குகளை 13,000 கோடி டாலருக்கு வாங்கும் வேலையில் அது மூழ்கியிருந்தது. புதிதாக வந்த மூவரில் பப்ளிக் மொபைலும் மொபிலிசிட்டியும் 2015-க்குள் பெரியவர்கள் வயிற்றுக்குள் போய்விட்டன.

கனடாவில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அதே மூன்று கம்பெனிகள், அதே நாடு. ஆனால் கியூபெக்கில் ஒரு விலை, ஒன்டாரியோவில் ஒரு விலை. கியூபெக்கில் வீடியோட்ரான் என்ற வலுவான நான்காவது ஆள் உண்டு. சஸ்காச்செவனில் மாகாண அரசின் சஸ்க்டெல். வலுவான உள்ளூர்ப் போட்டி இல்லாத இடங்களில் இந்த மூவரின் விலை அதிகம் என்று போட்டி ஆணையமே 2017-இல் வெளிப்படையாகச் சொன்னது. சொல்லிவிட்டு, மனிடோபாவின் உள்ளூர்ப் போட்டியாளரான எம்டிஎஸ்ஸைப் பெல் வாங்க அனுமதியும் கொடுத்தது! பதிலுக்குக் கொஞ்சம் வாடிக்கையாளர்களையும் அலைக்கற்றையையும் கொடுத்து எக்ஸ்ப்ளோர்நெட் என்ற புது ஆளை நிறுத்தினார்கள். அது 2022 ஆகஸ்டில் கடையை மூடியது.

அமெரிக்காவும் இதே தப்பைச் செய்தது, அதுவும் சரியானதைச் செய்து பார்த்த பிறகு. 2011-இல் டி-மொபைலை ஏடி&டி வாங்குவதை நீதித்துறை வழக்குப் போட்டு நிறுத்தியது. ஒப்பந்தப்படி டி-மொபைலின் தாய் நிறுவனத்துக்கு 300 கோடி டாலர் ரொக்கமும் டி-மொபைலுக்கு அலைக்கற்றையும் கிடைத்தன. அதை வைத்துக்கொண்டு 2013 முதல் அந்த நிறுவனம் சந்தையையே கலக்கியது. இரண்டு வருட ஒப்பந்தத்தை ஒழித்தது, மற்றவர்களும் பின்னால் வர வேண்டியதாயிற்று. அதே டி-மொபைல் 2018-இல் ஸ்பிரிண்டை வாங்கக் கிளம்பியபோது பேச்சு மாறிவிட்டது. அனுமதிக்குக் காத்திருந்த மாதங்களில் அதன் அதிகாரிகள் வாஷிங்டனில் அதிபரின் குடும்ப ஹோட்டலில் தங்கியதற்கான செலவு 1,95,000 டாலர் என்று நிறுவனமே நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தெரிவித்தது. 2020 ஏப்ரலில் இணைப்பு முடிந்தது. நான்காவது ஆளாக நிறுத்தப்பட்ட டிஷ், 2025-இல் தன் அலைக்கற்றையில் பெரும்பகுதியை ஏடி&டிக்கும் ஸ்பேஸ்எக்ஸுக்கும் விற்க ஒப்புக்கொண்டது. தானாகப் பசியோடு வருகிற ஆள் வேறு, அதிகாரிகள் கைப்பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைக்கிற ஆள் வேறு.

சொந்த டவர் இல்லாமல் பெரியவர்களிடம் மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறையில் விற்கும் கம்பெனி என்பது இதன் சின்ன வடிவம். ஆஸ்திரியாவில் 2012 இறுதியில் நான்கு மூன்றாகி விலை ஏறியது. ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலி 2015-இல் இப்படியொரு சேவை தொடங்கியதும் மறுபடி இறங்கியது. இணைப்புக்கு அனுமதி கொடுக்கும்போதே மொத்த விலையில் இடம் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். இந்தியாவிலும் 2016-இலேயே இதற்கு உரிமம் வந்தது. பெரியவர்கள் இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வரவில்லை. அதனால் ஒருவரும் வளரவில்லை.

அரசே ஒரு கடை வைத்திருப்பது

சஸ்க்டெல்லைப் பார்த்து ஆசைப்படலாம். 1908-லிருந்து மாகாணத்தின் சொத்து. ஆனால் அரசு நிறுவனம் என்றாலே மலிவு என்று நினைத்தால் துபாயில் இருக்கும் நம்மவர்களைக் கேளுங்கள். எடிசலாட், டூ என்று இரண்டு, இரண்டிலும் அரசுப் பங்கே பெரிது. வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. பேச அனுமதி பெற்ற வேறு ஆப் வேண்டும். சவுதி 2017 செப்டம்பரிலேயே இந்தத் தடையை எடுத்துவிட்டது. லாபி செய்ய அங்கே வெளியாள் வேண்டாம். விதி போடுபவரும் லாபம் வாங்குபவரும் ஒருவரே.

பிஎஸ்என்எல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு பல லட்சம் பேர் எண்ணை மாற்றாமல் அங்கே போனார்கள். அதன் விலைப் பலகை மாறவில்லை என்ற ஒரே காரணம். சில மாதங்களில் அலை வடிந்துவிட்டது, ஏனென்றால் 4ஜி இல்லை. ஏர்டெல் 2012-இல் கொல்கத்தாவில் 4ஜி தொடங்கியது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை கொடுப்பது என்று முடிவானதே 2019-இல். சொந்தத் தொழில்நுட்பத்தில் கட்டிய 4ஜி நாடு முழுக்க என்று 2025 செப்டம்பரில்தான் தொடங்கி வைத்தார்கள். கடை நம்முடையது, ஆனால் பத்து வருடம் சரக்கு போடவில்லை.

எனக்கு எது தேவலை?

தரை விலை வேண்டாம். உச்ச விலை பலிக்காது. வெளியிலிருந்து புதிதாக ஒருவர் வருவார் என்று காத்திருப்பதும் வீண்; 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததையும், 2019-இல் பழைய வருமானத்துக்கெல்லாம் சேர்த்து நிலுவை கட்டச் சொன்ன தீர்ப்பையும் பார்த்த எந்த முதலீட்டாளர் இங்கே பணம் போடுவார்? 2018 பிப்ரவரி கடைசியில் ஏர்செல் திவால் மனு போட்டு, தமிழ்நாட்டில் சிக்னல் இல்லாமல் மக்கள் வேறு நெட்வொர்க்குக்கு மாறத் தேவையான போர்ட் எண்ணுக்காகத் தவித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

என் தேர்வு மெக்சிகோவும் ஆஸ்திரியாவும் கலந்த ஒன்று. சில்லறை விலையில் கை வைக்காமல் மொத்த விலையில் வைப்பது. குறிப்பிட்ட பங்குக்கு மேல் வாடிக்கையாளர் உள்ள நிறுவனம், கேட்பவருக்கு டிராய் சொல்லும் மொத்த விலையில் தன் நெட்வொர்க்கைத் தர வேண்டும். வழக்குப் போடலாம், ஆனால் தீர்ப்பு வரும்வரை ஆணை அமலில் இருக்கும். அப்போது பட்டன் போன்காரர்களுக்கென்றே பேச்சு பேக் விற்க ஒரு கூட்டுறவு வங்கியோ தபால் துறையோ கூட வரலாம். கம்பெனிகள் இதை எதிர்ப்பார்கள் என்பது எனக்கு அதன்மேல் உள்ள நம்பிக்கையைக் கூட்டுகிறது. கூடவே பிஎஸ்என்எல் சிக்னல் எல்லா ஊரிலும் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும். ஜெயிக்க வேண்டியதில்லை, மற்றவர்கள் விலை ஏற்றும்போது தயங்க வைத்தால் போதும்.

கம்பெனிகள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு ஆளிடமிருந்து மாதம் 300 ரூபாயாவது வந்தால்தான் கட்டுப்படியாகும் என்று ஏர்டெல் பல வருடங்களாகச் சொல்கிறது. நாம் போடும் ரீசார்ஜில் 18 சதவீத ஜிஎஸ்டி, மிச்ச வருமானத்தில் 8 சதவீத உரிமக் கட்டணம், அலைக்கற்றைத் தவணை தனி. வோடபோன் ஐடியாவின் நிலுவையைப் பங்காக மாற்றி 2025-இல் அதில் 48.99 சதவீதமும் அரசு கைக்கு வந்துவிட்டது. பிஎஸ்என்எல் முழுக்க அதனுடையது. துபாயைச் சொல்லிச் சிரிப்பதற்கு முன்னால் இதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கனடாவில் எந்தக் கம்பெனி எந்த அமைச்சரை எந்தத் தேதியில் எதற்காகச் சந்தித்தது என்பதை யார் வேண்டுமானாலும் அரசுப் பதிவேட்டில் பார்க்கலாம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் டிராய் ஒரு நல்ல பழக்கம் வைத்திருக்கிறது: ஆலோசனை அறிக்கைக்கு யார் என்ன எழுதினாலும் இணையதளத்தில் போட்டுவிடும். சில இணையதளங்களை மட்டும் இலவசமாகக் காட்டும் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்காக ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தும், பயனாளர்கள் பெயரில் லட்சக்கணக்கில் மின்னஞ்சல் குவிய வைத்தும், 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அதற்கு எதிராகவே முடிவெடுத்தது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் சாதாரண ஆட்கள் காரணத்தோடு எழுதியிருந்தார்கள். பேச்சு பேக் ஆலோசனைக்கு வந்த கருத்துகளைப் போய்ப் பார்த்தேன். கம்பெனிகளின் பதில்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பட்டன் போன் வைத்திருப்பவர் எழுதியது என்று ஒன்றும் என் கண்ணில் படவில்லை.